இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

ஜூன் 14

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் சுகம். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அந்தத் தலைவலி விட்டதா என்று முதலில் எழுது.

ஒரு காரியத்துக்கு உன் வாய் எனக்குத் தேவைப்படுகிறது. பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வராமல் தடுக்க ஒரு திட்டம் போடச் சொல்லி, எங்கள் சுகாதார நிலையத்துப் பெரிய டாக்டர் என் தலையில் கட்டிவிட்டார். போன சனிக்கிழமை முதல் கூட்டம். நாற்பது நாற்காலி போட்டேன், பன்னிரண்டு பேர் வந்தார்கள். சுவரில் படம் ஒட்டி, இதைத் தின்னு, அதைத் தின்னாதே என்று முக்கால் மணி நேரம் பேசினேன். எடை மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்து ஒவ்வொருவராக ஏறச் சொன்னேன். கழிவறைக்குப் போகிறோம் என்று எழுந்தவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. கருத்துப் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. "இதையெல்லாம் எங்க அம்மாகிட்ட சொல்லுங்க சிஸ்டர். கடைக்கு அவங்கதான் போறாங்க."

இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அழுகிற குழந்தைக்கு ஊசி போடத் தெரியும், உன் வயதுப் பிள்ளைகளிடம் பேசத் தெரியவில்லை. எங்கே தப்பு செய்தேன் என்று தயவு தாட்சண்யம் பார்க்காமல் எழுது. உங்கள் ஹாஸ்டலில் பிள்ளைகளுக்கு ஃபோன் கிடையாது என்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான். எழுதும்போதாவது நீ கொஞ்சம் யோசிப்பாய்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அத்தை

ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். தலைவலி கணக்கு வகுப்பு உள்ள நாட்களில் மட்டும் வருகிறது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எடை மெஷினை நடுக்கூடத்தில் வைக்கிற யோசனை யாருடையது? நீங்களேதானா? நான் வந்திருந்தால் கழிவறை வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டேன், நேராக வீட்டுக்கு நடையைக் கட்டியிருப்பேன். எங்கள் விளையாட்டு டீச்சர் பள்ளி திறந்த வாரத்தில் அப்படித்தான் எல்லார் எதிரிலும் என் எடையைச் சத்தமாக வாசித்தார். அன்றிலிருந்து எனக்கு 'லாரி' என்று பெயர். கூப்பிட்டால் ஹாரன் மாதிரி பதில் கொடுத்துச் சிரிக்க வைக்கிறேன். ஆனால் அத்தை, அன்றைக்கும் மறுநாளும் நான் சாப்பிடவில்லை. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

விளையாட்டு வகுப்பைக் கணக்கு சார் பிடுங்கிக்கொள்கிறார். சாயங்காலப் பசிக்கு இங்கே பிஸ்கட்டும் இனிப்பு டீயும்தான். அப்புறம், ஏன் ஓடியாடி விளையாடுவதில்லை என்று எங்களையே கேட்கிறார்கள். உங்கள் திட்டமும் அப்படித்தான் இருக்கிறது. எங்களுக்காகப் போடுகிறீர்கள், எங்களைக் கேட்காமல் போடுகிறீர்கள். வருகிற பன்னிரண்டு பேரையும் அவர்கள் வீட்டாரையும் ஒன்றாக உட்கார வைத்து, என்ன செய்யலாம் என்று நீங்கள் கேளுங்கள். ரத்தம் சோதிப்பதாக இருந்தால் பெரியவர்கள் முதலில் விரலை நீட்டட்டும்.

அதிகப்பிரசங்கி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் கேட்டீர்கள்.

அன்புடன்
வாயாடி

ஜூலை 12

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தை சுகம். முதுகுவலி குடித்தனமே வந்துவிட்டது, காலி செய்வதாக இல்லை. பட்டினி கிடந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதே. அப்பாவிடம் சொல்லவில்லை.

எடை மெஷின் மருந்தறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. இந்த முறை நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். பிள்ளைகள் ஒன்பது பேர், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பதினொரு பேர். நான் பேசவில்லை, நோட்டை வைத்துக்கொண்டு எழுத மட்டும் செய்தேன். ஓயாமல் கேள்வி கேட்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நாங்கள் கேள்விக்குறி என்று கூப்பிடுகிறோம். அவள் எழுந்து நின்று சொன்னாள்: "வீட்ல யாருக்கு என்ன நோய்னு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதா சொல்றாங்க. எங்களுக்கும் வரலாம்னு அப்புறம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" பக்கத்திலிருந்த அவள் அம்மா குனிந்த தலை நிமிரவே இல்லை.

அதுவே முதல் விதியாகிவிட்டது. வீட்டில் இருக்கும் நோயைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. கோல்கீப்பர் என்று ஒரு பையன், அவன்தான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினான். உபதேசத்துக்குப் பதிலாகக் கதை அட்டை வேண்டும் என்கிறார்கள். நடந்த கதையை, ஆள் தெரியாமல் மாற்றி ஒரு அட்டையில் எழுத வேண்டும். வாசித்துவிட்டு, அந்த வீட்டில் யார் என்ன செய்திருக்கலாம் என்று எல்லாரும் பேச வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. முதல் அட்டை எழுதியதும் உனக்கு அனுப்புகிறேன்.

உன்னால் தலை தப்பிய
அத்தை

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்தோம். உள்சுவர் முழுக்க வெள்ளை. தரையில் விரித்திருந்த துணியில் சிவப்பாகக் கால்தடம் தெரிந்தது. "எவன்டா சிவப்பு டப்பாவ மிதிச்சவன்?" என்று எல்லாரையும் ஒரு பிடி பிடித்தேன். அங்கே சிவப்பு டப்பாவே இல்லை அக்கா. என் வலது உள்ளங்காலில் ஆணி ஏறியிருக்கிறது. எனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயப்பட்டிருக்க மாட்டேன். இப்போது கால் வீங்கிவிட்டது. ஒரு விரல் கறுத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. சத்து மாத்திரை என்று வீட்டில் சொல்லி, நினைத்தால் போடுவேன், மறந்தால் விடுவேன். பாப்பாவின் அம்மாவுக்கே போன மாதம்தான் தெரியும். நீ நர்ஸ், உனக்குத் தெரிந்தால் விட மாட்டாய் என்றுதான் உன்னிடமும் சொல்லவில்லை.

ஹாஸ்டலில் இருக்கிற பாப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. பொதுத்தேர்வு வருஷம். இதைக் கேட்டால் அவள் புத்தகத்தைத் தொட மாட்டாள். வெளியூரில் பெரிய கட்டட வேலை என்று அவள் அம்மா சொல்லிவிடுவாள். நீயும் அப்படியே சொல். என் மேல் ஆணை.

உன் தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். கடிதம் கண்டதும் பஸ் ஏறு. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கால் டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலைத் தொங்கவிட்டு உட்காராதே, வெந்நீர் ஊற்றாதே, யார் சொன்னாலும் எதையும் அரைத்துப் பூசாதே.

ஊருக்கெல்லாம் சர்க்கரையைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறேன். என் கூடப் பிறந்த நீ ஆறு வருஷம் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாய். உன்னைத் திட்டுவதா, என்னை நொந்துகொள்வதா?

பாப்பாவிடம் மறைப்பது தப்பு. அவள் வயதுப் பிள்ளைகள் இந்த மாதம்தான் என் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார்கள். ஆனால் நீ ஆணை வைத்துவிட்டாய். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடியும் வரை வாயைத் திறக்க மாட்டேன். அதற்கு மேல் ஒரு நாள்கூட என்னால் முடியாது.

அக்கா

ஆகஸ்ட் 10

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுதி ஒரு மாதம் ஆகிறது, ஞாபகப்படுத்துகிறேன்.

போன ஞாயிறு பெற்றோர் வருகிற நாள். அம்மா மட்டும் வந்தார். அப்பாவுக்கு வெளியூரில் ஏழு மாடிக் கட்டடமாம், மூச்சு விட நேரமில்லையாம். அப்பாவுக்கு உயரம் என்றால் ஆகாது. மூன்றாவது மாடிக்கு மேல் வேலை எடுக்க மாட்டார். அம்மாவிடம் கேட்டேன். "இப்பல்லாம் பழகிட்டார்" என்று பையில் எதையோ தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அப்பா உங்களிடம் மட்டும்தான் உண்மை பேசுவார்.

கதை அட்டை என்ன ஆயிற்று? நான் இங்கே என் தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் அதற்குக் கருத்துச் சொல்வார்களாம். அவர்கள் இப்போது என்னை லாரி என்று கூப்பிடுவதில்லை, ஆலோசகர் என்கிறார்கள்.

அன்புடன்
ஆலோசகர் வாயாடி

ஆகஸ்ட் 30

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தை சுகம். பதில் தாமதமாகிவிட்டது, நிலையத்தில் ஆள் குறைவு. உன் அப்பாவுக்கு வேலை அதிகம்தான். கவலைப்படாமல் படி. வேளைக்குச் சாப்பிடு.

முதல் அட்டை எழுதிவிட்டேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஆள் தெரியாமல் மாற்றுவது நினைத்த அளவு சுலபமில்லை. பத்தாம் தேதி கூட்டத்தில் வாசிக்கப் போகிறோம். அதற்கு முன் நீ பார்த்துவிட்டால் நல்லது. இதோ:

"ஒரு கொத்தனார். வயது நாற்பத்தைந்து. பல வருஷமாகச் சர்க்கரை. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலில் கம்பி குத்தியது, அவருக்கு வலிக்கவில்லை. யாராவது கேட்டால், 'ஒண்ணுமில்ல, விருந்தாளி வந்திருக்கார், ரெண்டு நாள்ல கிளம்பிடுவார்' என்று சிரிப்பார். இரண்டு நாள் இருபது நாளானது. இப்போது ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பதினைந்து வயதில் அவருக்கு ஒரு மகள். கேள்வி: இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? யார் யாரிடம் எப்போது சொல்லியிருக்க வேண்டும்?"

உன் தோழிகளோடு பேசி எழுது. அவசரமில்லை, தேர்வு முடிந்துகூட எழுதலாம்.

அத்தை

செப்டம்பர் 8

அத்தைக்கு,

அட்டையைத் தோழிகளிடம் காட்டவில்லை.

எந்தக் கொத்தனார் காயத்தை விருந்தாளி என்று சொல்வார்? நான் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அப்பா அப்படிச் சொன்னார். தாத்தாவும் உங்களிடமும் அப்பாவிடமும் அப்படித்தான் சொல்வாராம், அப்பா சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் அப்படித்தான் பேசும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். ஹாஸ்டலுக்கு வந்த புதிதில் ஒருத்தி விரலை நறுக்கிக்கொண்டபோது சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. இது நம் வீட்டில் மட்டும் பேசுகிற பேச்சு அத்தை.

வார்டனிடம் கெஞ்சி அவர் ஃபோனில் அம்மாவோடு பேசினேன். "நல்லாத்தான்டி இருக்கார், எவ சொன்னா உனக்கு?" என்று அழுதுகொண்டே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அம்மாவுக்குத் தெரியவில்லை.

அட்டையில் உள்ள கேள்விக்கு நீங்களே பதில் எழுதுங்கள். எனக்கு ஒரே கேள்வி. அப்பாவுக்குக் கால் இருக்கிறதா? பன்னிரண்டாம் தேதி தேர்வு தொடங்குகிறது. அதற்குள் எழுதுங்கள்.

செப்டம்பர் 21

என் கண்ணே,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. ஒன்பது நாளாக என் மேசையில் இருக்கிறது. தேர்வு முடியட்டும், முடியட்டும் என்று நாளைத் தள்ளினேன். எழுதக் கை வரவில்லை என்பதுதான் நிஜம்.

இல்லையம்மா. பத்தாம் தேதி காலையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விஷம் மேலே ஏறத் தொடங்கியிருந்தது, உயிருக்கு வேறு வழியில்லை. சம்மதத் தாளில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஆபத்து நீங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறான்.

அன்று சாயங்காலம்தான் எங்கள் கூட்டம். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். கேள்விக்குறி அட்டையை வாசித்துவிட்டு என்னைக் கேட்டாள்: "அந்த வீட்ல பெரியவங்க ஒருத்தருக்குக்கூடவா தெரியாது சிஸ்டர்?" மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் அப்பா ஆணை வைத்தான் என்பதற்குப் பின்னால் நான் ஒளிய மாட்டேன். காலை எடுக்கும் முன்பே உன்னை வரவழைத்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தே செய்யவில்லை. விடுமுறைக்கு என் வீட்டுக்கு வா. உன் அப்பாவும் அம்மாவும் இங்கேதான் இருப்பார்கள்.

உன் முகத்தைப் பார்க்கப் பயப்படும்
அத்தை

அக்டோபர் 18

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கிளம்பிப் போய் இரண்டு வாரம் ஆகிறது. சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று வார்டனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டில் இருந்த பத்து நாளும் "தண்ணி எங்க", "துண்டு எங்க" என்பதைத் தவிர நீ என்னிடம் எதுவும் பேசவில்லை. அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. பேசச் சொல்லி எழுதவில்லை.

அப்பாவின் புண் ஆறிவிட்டது. செயற்கைக் காலுக்கு அளவெடுத்துவிட்டார்கள். வந்தாலும் பழக மாட்டேன் என்கிறான்.

திட்டம் தொடங்கிவிட்டது. நீ சொன்னபடி பெரியவர்கள் முதலில் விரலை நீட்டினார்கள். முப்பத்தொரு பேர். ஒன்பது பேருக்குச் சர்க்கரை இருந்தது. அதில் ஆறு பேருக்கு ஏற்கெனவே தெரியும், வீட்டில் சொல்லவில்லை. அந்த ஆறு பேரையும் பிள்ளைகள் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுது.

அத்தை

நவம்பர் 16

அத்தைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மாமா நலமா?

என் மனசு கெடக் கூடாது என்றுதானே மறைத்தீர்கள். அப்பாவுக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று நினைத்துக்கொண்டே ஐந்து தேர்வையும் எழுதினேன். கணக்கில் இருபத்தெட்டு. அதுகூடப் போகட்டும். அந்தக் காலைக் கடைசியாக ஒரு முறை தொட்டுப் பார்க்க எனக்கு உரிமை இருந்தது. சின்ன வயதில் அதன் மேல் ஏறி நின்றுதான் அப்பாவோடு வீடு முழுக்க நடப்பேன். டாக்டர், வார்டு பாய், நீங்கள், அம்மா எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் உங்கள் மேல் கோபம் வருகிறது. பொய் சொல்ல விரும்பவில்லை, இன்னும் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஹாஸ்டலுக்கு மருத்துவக் குழு வந்தது. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று டாக்டர் கேட்டார். ஆமாம், அப்பாவுக்கு என்றேன். அதனால் எனக்கும் சோதித்தார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.1. இன்னும் நோய் இல்லை, வாசலில் நிற்கிறாய் என்றார். சொல்லும்போது கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார். நல்ல டாக்டர். வீட்டுப் பெரியவர் கையெழுத்துக்கு உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லக் கூடாது. தன்னால்தான் எனக்கு வந்தது என்று உடைந்துபோவார். செயற்கைக் காலைத் தொடவே மாட்டார். அவர் நடக்கும் வரைக்குமாவது மறைத்து வையுங்கள். எல்லாம் அன்பினால்தான். உங்கள் எல்லாரிடமிருந்தும்தான் கற்றுக்கொண்டேன்.

வாயாடி

நவம்பர் 25

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தை சுகம். மாமாவும் சுகம்.

முதலில் உன் உடம்பு. 6.1 என்பது திரும்பி வரக்கூடிய இடம். பட்டினி கிடந்து அல்ல. வேளைக்குச் சாப்பிட்டு, தினமும் ஓடியாடி, இனிப்பு டீயை விட்டு. நீ தனியாகச் செய்ய வேண்டாம். விளையாட்டு வகுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும், யார் எடையையும் சபையில் வாசிக்கக் கூடாதென்றும் உங்கள் தலைமையாசிரியருக்கு எங்கள் டாக்டர் கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் பெயரை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கோபப்படு, தாங்கிக்கொள்கிறேன். இன்னொரு முறை மறைக்க என்னால் முடியாது.

உன் கடிதம் இருபதாம் தேதி கையில் கிடைத்தது. நேற்றுதான் துணிச்சல் வந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தான், செயற்கைக் கால் மூலையில் சாய்ந்திருந்தது. உன் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினேன். காலை நீ தொட்டுப் பார்க்க நினைத்ததையும் சேர்த்துத்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"நாலு நாளாச்சு."

"நாலு நாளா?" என்று போட்ட சத்தத்தில் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "எம்பொண்ணு விஷயம் அக்கா! நாலு நாள் என்கிட்ட மறைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? நான் அவளப் பெத்தவன், எனக்குத் தெரிய வேணாமா?"

தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

உனக்கு அவனே எழுதுவதாகச் சொல்லி இன்று காலையிலிருந்து தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான். "பாப்பாவுக்கு" என்பதற்கு மேல் இன்னும் ஒரு வரி ஓடவில்லை. தபால் நேரம் ஆகிவிட்டது, அதனால் என்னுடையதை மட்டும் அனுப்புகிறேன்.

உன் அத்தை